மடித்து எடுத்துப் போன தேசம்

பெய்ரூட்டின் தேசிய மியூசியத்துக்கு வாய்த்த இடம் சரியில்லை.

1975 ஏப்ரல் 13. லெபனானில் உள்நாட்டுப் போர் ஆரம்பித்தது. கொஞ்ச காலத்திலேயே தலைநகர் பெய்ரூட் இரண்டு துண்டாகிவிட்டது. கிழக்கே கிறிஸ்தவப் படைகள். மேற்கே முஸ்லிம்களும் பாலஸ்தீனர்களும். (இது பாலபாடம் மாதிரி எளிமைப்படுத்திச் சொல்வது. யார் யாரைச் சுட்டார்கள் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே இருந்தது.) நடுவே ஊரைப் பிளந்த கோட்டுக்குப் பச்சைக் கோடு என்று பெயர். மனிதர்கள் கால் வைக்கப் பயந்த அந்தத் தெருக்களில் புல்லும் புதரும் மண்டிக் கிடந்தன. மியூசியம் சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

உள்ளே இருந்ததோ ஆயிரக்கணக்கான வருஷங்களின் சொத்து. மியூசியத்தின் பொறுப்பில் இருந்தவர் மோரிஸ் ஷெஹாப். துப்பாக்கிகள் கொஞ்சம் ஓய்ந்த நேரங்களில் அவர் ஒரு காரியம் செய்தார். சின்னச் சாமான்களை அடித்தளத்துக்கு இறக்கி, வாசலைச் சுவர் வைத்து மூடினார். தரையில் இருந்த மொசைக்குகளின் மேல் பிளாஸ்டிக் விரித்து, அதற்கு மேல் கான்கிரீட். நகர்த்தவே முடியாத பெரிய சிலைகளையும் கல் சவப்பெட்டிகளையும் சுற்றி மரச்சட்டம் அடித்து, மொத்தமாகக் கான்கிரீட் ஊற்றிவிட்டார். பார்க்கிறவன் கண்ணுக்கு வெறும் சிமென்ட் கட்டைகள். படைவீரர்கள் உள்ளே வந்து தங்கினார்கள். சுவரில் கிறுக்கினார்கள். கட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

பதினைந்து வருஷம் கழித்துப் போர் முடிந்தது. கட்டைகளை உடைத்துப் பார்த்தார்கள். கல் பத்திரம். ஆனால், கட்டடத்தின் ஒரு பக்கம் தீப்பிடித்து எரிந்து போயிருந்தது. வரைபடங்கள், போட்டோக்கள், பதிவேடுகள், கூடவே 45 பெட்டி தொல்பொருள்கள், எல்லாம் சாம்பல்.

கல்லுக்குக் கான்கிரீட் ஊற்றலாம். காகிதத்துக்கு என்ன செய்வது?

இந்தக் கேள்வி லெபனானுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்க வேண்டும். பெய்ரூட்டுக்கு வடக்கே பிப்லோஸ் என்று ஒரு பழைய துறைமுக ஊர் இருக்கிறது. எகிப்தின் பப்பைரஸ் அந்த வழியாகத்தான் கிரேக்கர்களுக்குப் போனது என்றும், அதனால்தான் பப்பைரஸுக்கே கிரேக்க மொழியில் பிப்லோஸ் என்று பேர் வந்தது என்றும் சொல்வார்கள். பைபிள் என்ற சொல்லின் பூர்வீகமும் அதுதான். ஊர்ப்பேரையே எழுதும் தாளுக்குக் கொடுத்த தேசம்!

ஆனால் அந்தத் தேசம் தன் போரைத் தாளில் எழுதிக்கொள்ளவில்லை. போரில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். காணாமல் போனவர்கள் பல ஆயிரம். 1991-ல் அரசாங்கம் ஒரு பொது மன்னிப்புச் சட்டம் கொண்டு வந்தது. நேற்று வரை ஆயுதம் தூக்கியவர்கள், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பார்லிமென்டில் உட்கார்ந்தார்கள். போரை முடித்துவைத்த 1989-ம் வருஷத்து தாயிஃப் ஒப்பந்தத்தில், எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே சரித்திரப் புத்தகம் எழுதப்படும் என்று ஒரு ஷரத்து இருந்தது. இன்று வரை எழுதவில்லை. கமிட்டி போடுவார்கள், சண்டை வரும், கலைந்துவிடும். லெபனான் பையனின் சரித்திரப் பாடம் சுதந்திரம் கிடைத்த 1940-களோடு முடிந்துவிடுகிறது. அப்பா ஏன் நொண்டுகிறார், பெரியப்பா ஏன் வீடு திரும்பவே இல்லை என்பதெல்லாம் சிலபஸில் கிடையாது.

அந்த வேலையைச் செய்தவர்கள் ஓவியர்கள். பெரும்பாலும் காகிதத்தில்.

ஏன் காகிதம்? அழகியல் காரணம் எல்லாம் அப்புறம். கான்வாஸ் வேண்டுமென்றால் சட்டம் வேண்டும், ஸ்டூடியோ வேண்டும், வரைந்து முடித்ததைத் தூக்கிப் போக வண்டி வேண்டும். ராத்திரி குண்டு விழுந்தால் அதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். காகிதம் பைக்குள் போகும். மடித்தால் சட்டைக்குள்ளேயே போகும்.

மடிப்பதையே ஒரு கலையாகச் செய்தவர் எதெல் அத்னான். 1925-ல் பெய்ரூட்டில் பிறந்தவர். அம்மா ஸ்மிர்னாவைச் சேர்ந்த கிரேக்கர். அப்பா டமாஸ்கஸ்காரர், ஒட்டோமான் ராணுவ அதிகாரி. வீட்டில் துருக்கியும் கிரேக்கமும் பேசினார்கள். பள்ளிக்கூடத்திலோ பிரெஞ்சுக் கன்னிகாஸ்திரீகள். அரபு பேசினால் தண்டனை. இதென்ன கொடுமை என்று அப்பா ஒரு பழைய அரபு இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்து, பார்த்து எழுது என்று மகளை உட்கார வைத்தார். அர்த்தம் சரியாகப் புரியாமலேயே பக்கம் பக்கமாக எழுத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள் சிறுமி.

அந்தப் பழக்கம் பிற்பாடு உதவியது. 1955-ல் அமெரிக்கா போன அத்னான், கலிபோர்னியாவில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக் கொடுத்தார். பிரெஞ்சில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். அல்ஜீரியாவில் பிரான்ஸ் நடத்திய போரைப் பார்த்ததும், இந்த மொழியில் இனி எழுதுவது எப்படி என்று ஒரு தவிப்பு வந்துவிட்டது. அரபிலும் எழுத வராது. சரி, இனி நான் அரபில் வரைகிறேன் என்று முடிவெடுத்தார்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ரிக் பார்ட்டன் என்று ஓர் ஓவியர். காபிக் கடைகளில் உட்கார்ந்து, விசிறி மாதிரி மடிந்து நீளும் ஜப்பானியப் புத்தகங்களில் வரைகிறவர். அவரிடமிருந்து அத்னானுக்கு அந்த மடிப்புப் புத்தகம் அறிமுகமானது. லெபோரெல்லோ என்று அதற்குப் பெயர். (மொஸார்ட்டின் ‘டான் ஜொவானி’ இசை நாடகத்தில் வரும் வேலைக்காரன் பேர் அது. எஜமானர் மயக்கிய பெண்களின் பட்டியலை நீளமாக மடித்து வைத்திருப்பான்!) மடித்தால் கையடக்கம். பிரித்தால் பல அடி நீளம். 1960-களிலிருந்து அத்னான் அவற்றில் அரபுக் கவிஞர்களின் கவிதைகளைத் தன் கையெழுத்தில் எழுதி, வரிகளுக்கு நடுவே வாட்டர்கலர் தீட்ட ஆரம்பித்தார். அழகான கையெழுத்து என்று சொல்ல முடியாது. அரபு எழுத்தோவியத்துக்கு எழுதுகோலைப் பிடிப்பதிலிருந்து ஆயிரம் விதி உண்டு. அவருக்கு எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பார்த்து எழுதுவது போலவே இருக்கும். அதுதான் அதன் அழகு என்பது என் கட்சி.

1972-ல் பெய்ரூட் திரும்பிப் பத்திரிகையில் வேலை பார்த்தார். போர் வந்தது. மறுபடியும் வெளியேறினார். எழுபது வயசிலும் எண்பது வயசிலும் மடிப்புப் புத்தகங்களை விடவில்லை. உலகம் அவரை நிமிர்ந்து பார்த்தது 2012-ல், ஜெர்மனியின் காஸல் நகரத்து டாகுமென்டா கண்காட்சியில். அப்போது அவருக்கு 87 வயசு. 2021 நவம்பரில் பாரிஸில் இறந்தபோது, நியூயார்க்கின் குகன்ஹைம் மியூசியத்தில் அவருடைய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது.

அத்னான் கிளம்பிப் போனவர். லோர் கொரய்யெப் போகாதவர்.

1931-ல் பிறந்த லோர், கவிஞர். ‘அந்நஹார்’ நாளிதழில் கலை விமரிசகர். வரைவது கறுப்பு மசியில். தாளின் ஓர் அங்குலத்தைக் கூட சும்மா விட மாட்டார். பொடிப் பொடி முகங்கள், கண்கள், பூக்கள், வீடுகள், இண்டு இடுக்கெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எட்ட நின்று பார்த்தால் சரிகை வேலைப்பாடு போல இருக்கும். கிட்டப் போய்ப் படித்தால் வயிறு கலங்கும். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1985-ல், தன் போர்க்கால ஓவியங்களைப் புத்தகமாகப் போட்டார். கமிட்டிக்காக அவர் காத்திருக்கவில்லை.

போர் தொடங்கிய அதே 1975-ல் அவருக்கு ஒரு பையன் பிறந்தான். மாஸென் கெர்பாஜ். அப்பா அந்த்வான் கெர்பாஜ் அந்த ஊரில் பெரிய நடிகர். பையன் காமிக்ஸ் வரைவான், டிரம்பெட் வாசிப்பான். டிரம்பெட் என்றால் கல்யாண பேண்டில் வருவது மாதிரி இல்லை. அந்த வாத்தியத்திலிருந்து ஹெலிகாப்டர் சத்தம், மெஷின் கன் சத்தமெல்லாம் வரும். பிறந்து பதினைந்து வருஷம் அவன் கேட்டு வளர்ந்த சங்கீதம் அது.

2006 ஜூலையில் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் போர் வெடித்து, பெய்ரூட் மேல் மறுபடி குண்டு விழுந்தது. மாஸென் ராத்திரி தன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து டிரம்பெட் வாசித்தார். விழுகிற குண்டுகளின் சத்தத்தோடு சேர்த்துப் பதிவு செய்தார். இசைக் கலைஞர்கள் பட்டியலில் டிரம்பெட் என்ற இடத்தில் தன் பெயர். குண்டுகள் என்ற இடத்தில் இஸ்ரேல் விமானப் படை. பகலெல்லாம் படம் வரைந்தார். ஒரு மாதத்துக்கும் மேல் நடந்த அந்தப் போரில் வரைந்ததை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றினார். மின்சாரம் இருக்கிற நேரமாகப் பார்த்து! குண்டுச் சத்தத்தைத் தாளில் எப்படிக் காட்டுவது என்பதுதான் அவருடைய பெரிய கவலையாக இருந்தது. கோபம், பயம், குடி, கேலி எல்லாம் அந்தப் படங்களில் உண்டு. வீரம் மட்டும் கிடையாது. இதனாலேயே அவற்றை நம்ப முடிகிறது.

அம்மாவும் அந்தப் போரை வரைந்தார். அப்போது அவருக்கு 75 வயசு. பிறகு இரண்டு பேரும் ஒரே தாளில் சேர்ந்து வரைந்த படங்களும் உண்டு. அம்மாவின் எறும்புக் கோடு எங்கே முடிகிறது, மகனின் முரட்டுக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தேடுவதே ஒரு விளையாட்டு. 2023-ல் லோர் காலமானார்.

இவர்களெல்லாம் கண்டதை வரைந்தவர்கள். அடுத்து வந்தவர்கள் வேறு ரகம். கொஞ்சம் வில்லங்கமானவர்கள்.

வலீத் ராத், 1967-ல் பிறந்தவர். தி அட்லஸ் குரூப் என்று ஓர் ஆவணக் காப்பகம் நடத்தினார். அதில் டாக்டர் ஃபத்ல் ஃபாக்கூரி என்ற சரித்திர ஆசிரியரின் நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஒரு நோட்டில் 145 கார்களின் படங்கள், பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டியவை. போரில் கார் குண்டாக வெடித்த ஒவ்வொரு காரும் என்ன மாடல், என்ன நிறமோ, அதே மாடல், அதே நிறம். ஓரத்தில் பேராசிரியரின் கையெழுத்துக் குறிப்புகள்.

இதில் ஒரே ஒரு சங்கதி. டாக்டர் ஃபாக்கூரி என்று ஒருவர் கிடையவே கிடையாது. குரூப்பும் கிடையாது. எல்லாம் வலீத் ராத்தின் கைவேலை.

ஏமாற்று என்று சொல்ல மனசு வரவில்லை. கார் குண்டுகள் வெடித்தது நிஜம். எந்தச் சரித்திரப் பேராசிரியர் உட்கார்ந்து அதைக் கணக்கெடுத்திருக்க வேண்டுமோ, அவர் இல்லை. இல்லாத ஆளை உண்டாக்கி, அவர் எழுதியிருக்க வேண்டிய நோட்டை இவரே எழுதி வைத்துவிட்டார். பாடப்புத்தகத்தில் விடுபட்ட பக்கங்களை நிரப்ப இதைவிடக் குறும்பான, துக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஜொவானா ஹாஜிதோமா, கலீல் ஜொரெய்ஜ் என்று ஒரு தம்பதி. இருவரும் பழைய பெய்ரூட் போஸ்ட் கார்டுகளைக் கையில் எடுத்தார்கள். 1960-களின் பெய்ரூட். நீலக் கடல், சொகுசு ஹோட்டல்கள், வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள். போர் முடிந்த பிறகும் கடைகளில் அதே கார்டுகள்தான் விற்றன. படத்தில் இருக்கிற கட்டடங்கள் பலவும் நொறுங்கிப் போயிருந்தன. கார்டில் மட்டும் ஜம்மென்று நிற்கின்றன. தம்பதி அந்தப் படங்களைக் கட்டடம் கட்டடமாக எரித்து, பொசுங்கிய படங்களை மறுபடி போஸ்ட் கார்டாக அச்சடித்தார்கள்.

அவர்களுடைய இன்னொரு வேலை, 1997-ல் செய்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த பெய்ரூட்டின் பிரமாண்டமான போட்டோ. அதை 3,000 துண்டாக வெட்டி ஒரு கண்ணாடியின் மேல் ஒட்டி வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போகலாம். பின்பக்கம் திருப்பினால், பெய்ரூட் என்று ஒன்று இல்லை என அச்சடித்திருக்கும். துண்டு எடுத்த இடத்தில் கண்ணாடி தெரியும். ஊர் குறையக் குறைய, எடுத்தவர்களின் முகம் தெரியும்.

இவ்வளவு தாளையும் யாராவது சேர்த்து வைக்க வேண்டுமே?

ஃபுவாத் தெப்பாஸ் என்ற மனிதர் போர்க்காலத்தில் பாரிஸ் பழைய புத்தகக் கடைகளில் பெய்ரூட்டின் போஸ்ட் கார்டுகளைத் தேடித் தேடி வாங்கினார். ஊருக்குப் போக முடியாதவன் ஊரின் படத்தை வாங்குகிறான். கார்டில் ஆரம்பித்து, பழைய போட்டோ, ஆல்பம் என்று இருபது வருஷத்துக்கும் மேல் வாங்கினார். 2001-ல் அவர் இறந்தபோது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன. இன்று அவை பெய்ரூட்டின் சுர்சோக் மியூசியத்தில் இருக்கின்றன. நிக்கோலா சுர்சோக் என்ற பிரபு 1912-ல் கட்டி, 1952-ல் சாகும்போது ஊருக்கு எழுதி வைத்த மாளிகை அது.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியமும் சேர்க்கிறது. வெனிஷியா போர்ட்டர் என்ற அதிகாரி அரபு, ஈரானியத் தற்காலக் கலையைப் பல வருஷமாக அங்கே திரட்டினார். 2009-ல் இதற்கென்றே புரவலர் குழு ஒன்று அமைந்தது. 2021-ல் நடந்த ‘ரிஃப்ளெக்ஷன்ஸ்’ கண்காட்சியில் வைத்தவை பெரும்பாலும் காகித வேலைகளே. அத்னானின் மடிப்புப் புத்தகமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஓவியம், அச்சுப்படம் இருக்கும் படிப்பறையில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பெய்ரூட் பெண் வரைந்ததைப் பார்க்க லண்டனுக்கு விசா எடுக்க வேண்டுமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பெய்ரூட்டில் எரிந்துபோன வரைபடங்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று திருப்பிக் கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

காகிதம் சேர்ப்பதில் ஒரு சௌகரியம், விலை. அதே ஓவியரின் கான்வாஸோடு ஒப்பிட்டால், தாளில் வரைந்தது பொதுவாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அச்சுப்படம் இன்னும் குறைவு. ஓரத்தில் பென்சிலால் 3/25 என்று எழுதியிருந்தால், மொத்தம் 25 பிரதி, இது மூன்றாவது என்று அர்த்தம். மாசச் சம்பளக்காரரும் ஆசைப்படலாம். தொந்தரவும் உண்டு. வெளிச்சம் பட்டால் நிறம் போகும். ஈரம் பட்டால் பூஞ்சை. மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலமே அதைத் தின்றுவிடும். (சந்தேகம் இருந்தால் இந்தப் பத்திரிகையை ஒரு மாசம் வெயிலில் போட்டுப் பாருங்கள்.) அதனால் மியூசியங்கள் மங்கலான விளக்கில் சில மாதம் காட்டிவிட்டு, மறுபடி இருட்டில் வைத்துவிடுகின்றன.

விலை என்றதும் இன்னொரு காகிதம் ஞாபகம் வருகிறது. லெபனானின் ரூபாய் நோட்டு. அங்கே பவுண்டு. 1997-லிருந்து ஒரு டாலருக்குச் சுமார் 1,500 பவுண்டு என்று இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் பானை உடைந்தது. பேங்குகள் கதவைச் சாத்தின. கணக்கில் டாலர் இருக்கும், கையில் வராது. 2020 மார்ச்சில் அரசாங்கமே கடனைத் திருப்பித் தர முடியாது என்று கை விரித்தது. வசதியுள்ளவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பேங்கில் மாட்டிக்கொண்ட பணத்துக்குச் செக் எழுதி ஓவியம் வாங்கினார்கள். ஓவியத்தைச் சுருட்டி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம், டெபாசிட்டைக் கொண்டுபோக முடியாதே! 2023 மார்ச்சில் ஒரு டாலர் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. அரசாங்கம் கையெழுத்துப் போட்ட காகிதம் மதிப்பிழந்து, ஓவியர் கையெழுத்துப் போட்ட காகிதம் நின்றது. காமர்ஸ் வகுப்பில் இதை எந்தத் தலைப்பில் நடத்துவார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நடுவில் இடி. 2020 ஆகஸ்ட் 4, சாயங்காலம். துறைமுகக் கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். மூன்று லட்சம் பேருக்கு வீடில்லை. (அந்த வாரம் சென்னையும் தூங்கவில்லை. 2015-ல் பறிமுதல் செய்து மணலியில் கன்டெய்னர்களில் கிடந்த சுமார் 700 டன் அதே சரக்கை, அவசர அவசரமாக ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.) சுர்சோக் மாளிகையின் வண்ணக் கண்ணாடிகள் அத்தனையும் தூள். கீஸ் வான் டோங்கன் தீட்டிய நிக்கோலா சுர்சோக்கின் உருவப்படம் கிழிந்தது. அதைப் பாரிஸுக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கினார்கள். நிலத்தடிக் கிடங்கில் இருந்தவை தப்பின. 2023 மே மாதம் மியூசியம் மீண்டும் திறந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், மார் மிக்காயில் பகுதியில், தனீத் என்ற ஓவியக்கூடம். அது இருந்த கட்டடத்தை வடிவமைத்த ழான் மார்க் பொன்ஃபில்ஸ், அதே கட்டடத்தில் இருந்தபோதுதான் வெடிவிபத்தில் இறந்தார். கூடத்தில் அப்போது அபெத் அல் காதிரி என்ற ஓவியரின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. எல்லாம் போயிற்று. கொஞ்ச நாளில் காதிரி அதே இடிபாட்டுக்குள் திரும்பி வந்தார். கான்வாஸ் இல்லை. அட்டைப்பெட்டிகளை எடுத்து, பிரித்து, சுவர் முழுக்க ஒட்டி, கரித்துண்டால் மரங்கள் வரைந்தார். ‘இன்று நான் ஒரு மரமாக இருக்க விரும்புகிறேன்’ என்பது தலைப்பு. பிறகு அட்டை அட்டையாகப் பிரித்து விற்றார்கள். பணம், உடைந்த வீடுகளைச் சரிசெய்வதற்குப் போனது.

லெபனான் கலாசார அமைச்சகத்தின் வசமும் ஓவியங்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றை மாட்டி வைக்க ஒரு சுவர் இத்தனை வருஷமாகக் கிடைக்கவில்லை. பெய்ரூட் மியூசியம் ஆஃப் ஆர்ட் என்று புதுக் கட்டடம் ஒன்றுக்கு 2022-ல் அடிக்கல் நாட்டினார்கள். படங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கும் வேலை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. இடம், பழைய பச்சைக் கோட்டின் மேல். ஷெஹாபின் மியூசியத்துக்கு எதிர்ப்புறம்.